எடை குறைந்த தூண்டில்

தீபக் கயல்விழியின் உள்ளங்கையில் வைத்தது ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷின் தலை. பிடி முழுவதையும் அறுத்து எறிந்துவிட்டுத் தலையை மட்டும் மிச்சம் வைத்திருந்தான். அதுவும் புதியதில்லை. நார்களின் அடியில் காய்ந்த பற்பசை வெள்ளையாகவும், அதன் மேல் வேறு ஏதோ பழுப்பாகவும் ஒட்டியிருந்தன.

"வெயிட்டே தெரியலைங்கல்ல? நாலே கிராமுங்க. மலைக்குப் போறப்ப நான் இதத்தான் எடுத்துட்டுப் போறது" என்றான்.

கயல்விழி அதை மேசையில் திருப்பி வைத்துவிட்டு, கையைச் சுடிதாரின் பக்கவாட்டில் அழுத்தித் துடைத்தாள். அவள் துடைத்ததை அவன் பார்க்கவே செய்தான். ஆனால் அடுத்ததாகத் தான் இரண்டு மலைப் பயணங்களுக்கு ஒரே உள்ளாடையை வைத்துச் சமாளித்த கதையை ஆரம்பித்துவிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆல்வின் தொண்டையைச் செருமினான். "ஏனுங்க, அந்தத் தூண்டில சித்த காட்டறீங்களா?" என்று கேட்டபோதுதான் பேச்சு வந்த வேலைக்குத் திரும்பியது.

கயல்விழி சிங்காநல்லூரில் ஒரு சிறிய கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். ஆல்வின் ஒரு லேத் பட்டறையில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவன். கல்யாணமான புதிதில் மற்றவர்கள் ஊட்டிக்குப் போய்ப் படகில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டபோது, இவர்கள் முதுகில் பை மாட்டிக்கொண்டு வால்பாறைப் பக்கம் நடந்தார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது கூடாரமும் அரிசியும் சுமந்து எங்காவது ஒரு நீரோட்டத்தின் பக்கத்தில் தங்கிவிட்டு வருவார்கள். அங்கே தன் கையால் மீன் பிடித்து அங்கேயே பொரித்துத் தின்ன வேண்டும் என்பது கயல்விழியின் ஆசை. அதற்காக முதலில் உக்கடத்தில் ஒரு தூண்டில் வாங்கினாள். சக்கரம் வைத்தது, நல்ல கனம். பையில் கட்டினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு செடியிலும் மாட்டியது. கடைசியில் ஒரு ஜீப்பின் கதவிடுக்கில் சிக்கி முறிந்தது.

அதற்குப் பிறகுதான் டென்காரா என்ற ஜப்பானியத் தூண்டிலைப் பற்றித் தெரிந்துகொண்டாள். அதில் சக்கரம் கிடையாது. ரேடியோ ஏரியலைப் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கோல். நீட்டினால் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, மடக்கினால் முழங்கை நீளம். நரம்பை நுனியில் நேரடியாகக் கட்ட வேண்டும். மண்புழுவுக்குப் பதில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த முள். தண்ணீரின் மேல் அதை மெல்ல இறக்கினால் மீன் பூச்சியென்று நினைத்து மேலே வரும். மலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை.

ஆனால் எதை வாங்குவது? மாலை மாலையாகப் போனில் தேடினாள். ஒருவன் எடைதான் முக்கியம் என்றான், இன்னொருவன் நீளம் என்றான். கயல்விழிக்குத் தொழில் காரணமாக ஒரு விஷயம் தெரிந்திருந்தது. கையில் பிடிக்கிற கனம் வேறு, கை வீசும்போது தெரிகிற கனம் வேறு. நுனிப் பக்கம் கனத்த தூண்டில் தராசில் எவ்வளவு லேசாக இருந்தாலும், அரை நாளில் மணிக்கட்டைக் கொன்றுவிடும். ஆகவே கையில் பிடித்து வீசிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தாள். கோயமுத்தூரில் அப்படி வீசிப் பார்க்கத் தூண்டில் வைத்திருந்த ஒரே ஆள் தீபக்தான் என்று அவளுக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவனுடைய குடும்பத்துக்கு ஸ்பின்னிங் மில்லுக்கு உதிரிபாகம் செய்யும் தொழில். அவனோ 'இறகு' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்தினான். எடை இல்லாமல் மலையேறுவது எப்படி என்று பேசுவான். பேசிய பொருள்களை வரவழைத்து விற்பான். அவனுடைய எல்லாப் பொருள்களிலும் ஒரு நீல இறகு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

ஆல்வின் கேட்டதும் தீபக் மூன்று தூண்டில்களை எடுத்து வைத்தான். கயல்விழி ஒவ்வொன்றின் பிடியையும் விரல்களால் சுற்றிப் பார்த்தாள்.

"சொந்த ஊரே கோயமுத்தூருங்களா?" என்று கேட்டான்.

"கோபிங்க."

"அட, கோபிங்களா! எந்தப் பக்கமுங்க? தோட்டங்காடு இருக்குதுங்களா?"

"தோட்டமெல்லாம் இல்லைங்க. எங்க தாத்தா காலத்துல அடுத்தவங்க வயல்ல வேல செஞ்சாங்க. அப்பா ஈ.பி.யில இருந்து ரிட்டயர்டு ஆயிட்டாரு."

"ஓ" என்றான் தீபக்.

அந்த 'ஓ' கயல்விழிக்குப் பழக்கமானது. பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு ஆல்வினிடம் பெயர் கேட்டான். இன்னொரு 'ஓ'.

"வூட்டுக்குள்ள வீசி ராடு பாக்க முடியாதுங்க. சனிக்கெழம எங்க பெரியப்பா எஸ்டேட்டுக்கு வாங்க. கோத்தகிரிக்குக் கீழ. நல்ல ஓடை இருக்குது. மூணையும் போட்டுப் பாத்து எது புடிக்குதோ அத எடுத்துக்குங்க. நானும் வீடியோ எடுத்துக்கறேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆல்வின் கேட்டான். "போகோணுமா கண்ணு?"

"ஆளப் பாத்தா வாந்தி வருது. ஆனா அந்த நடு ராடு கையில உக்காந்த விதம் இருக்கே..."

"அப்ப வாந்தியக் கட்டுப்படுத்திக்க" என்றான் ஆல்வின்.

சனிக்கிழமை காலை தீபக்கின் பெரிய காரில் கிளம்பினார்கள். அவனுடைய மனைவி கனிஷ்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேமரா அவள் பொறுப்பு. மெலிந்த, அமைதியான பெண். கயல்விழியை முதல் வார்த்தையிலேயே "அக்கா" என்றாள். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது தீபக் வாய் ஓயவில்லை. சட்டையில் உள்ள துணி லேபிளை வெட்டினால் எத்தனை கிராம், மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து எடுத்துப் போனால் எத்தனை கிராம் என்று கணக்குச் சொன்னான். சொல்லிக்கொண்டே மூக்குக்குள் விரல் விட்டு, எடுத்ததை ஸ்டியரிங்கின் அடியில் தடவினான். கயல்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எஸ்டேட் பங்களாவில் காரை நிறுத்தினார்கள். முன்தாழ்வாரத்தில் வெள்ளை பனியனுடன் ஒரு பெரியவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தீபக்கின் பெரியப்பா தம்பிதுரை. பேப்பரை இறக்காமலே தலையை ஆட்டினார்.

தீபக் ஒரு தொங்கும் தராசில் எல்லோருடைய பைகளையும் மாட்டி எடை பார்த்தான். அவனுடையது நாலு கிலோ. இவர்களுடையது அதைப்போல மூன்று பங்கு.

"கழுதகூட இவ்வளவு தூக்காதுங்க" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

கயல்விழிக்குக் காது சூடேறியது. பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஏறுகிற பாதை அது. கூடவே ஒரு கறுப்புத் தண்ணீர்க் குழாய் மேலிருந்து பங்களாவுக்கு இறங்கி வந்தது. இரண்டு மணி நேரத்துக்குமேல் ஏறிய பிறகு ஓடையின் சத்தம் கேட்டது.

ஓடையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. வழுவழுத்த கரும்பாறைகளுக்கு இடையே தண்ணீர் தேங்கித் தேங்கி இறங்கியது. நிழலில் பச்சை, வெயிலில் கண்ணாடி. ஆனால் கரைக்கு ஏறியதும் இன்னொன்றையும் பார்த்தாள். அங்கே இரண்டு கூடாரங்கள் ஏற்கெனவே அடித்திருந்தன. மடக்கு நாற்காலிகள், கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன்கள், ஐஸ் பெட்டி, எல்லாம் காத்திருந்தன.

"இதெல்லாம் யாருதுங்க?"

"நம்முளுதுதானுங்க. நேத்தே எஸ்டேட் ஆளுகள வெச்சு ஏத்திப்போட்டேன்" என்றான் தீபக். "கேமராவுல அது வராதுங்க. கனிஷ்கா பாத்துக்குவா."

நாலு கிலோவின் ரகசியம் அதுதான். கயல்விழிக்குச் சிரிப்பு வர வேண்டியது. வரவில்லை. வாயில் ஏதோ புளித்தாற்போல் இருந்தது. இந்தப் பாதையில் ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்து ஏறிய பெண் யாரோ. அவளுடைய கழுத்தெலும்புகளைத்தான் கயல்விழியால் நினைக்க முடிந்தது.

தீபக் காப்பி போட்டான். தனக்கும் கனிஷ்காவுக்கும் டைட்டானியம் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, இவர்களுக்குக் காகிதக் கப்பில் நீட்டினான்.

"டைட்டானியம் ரெண்டுதான் இருக்குதுங்க."

திறந்திருந்த பெட்டிக்குள் இன்னும் இரண்டு இருந்ததை ஆல்வினும் பார்த்தான், கயல்விழியும் பார்த்தாள். ஆல்வின் தன் பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து, காகிதக் கப்பில் இருந்ததை அதற்கு மாற்றிக்கொண்டான். கயல்விழி தன் பங்கைப் புல்லில் ஊற்றினாள்.

தூண்டில்களுக்கு வந்தார்கள். முதல் தூண்டில் மூன்றிலும் லேசானது. மடக்கினால் சட்டைப் பைக்குள்ளேயே போகும். ஆனால் வீசியதும் ஈர்க்குச்சிபோல் நடுங்கியது. நரம்பு போன இடம் ஒன்று, முள் விழுந்த இடம் ஒன்று. மூன்றாவது நல்ல நீளம். அகலமான ஆற்றுக்கு ஆகும். இந்த ஓடையில் அது மேலே கிளைகளில் மாட்டியது, நுனியும் கனத்தது. இடையில் இருந்ததை நீட்டி வீசியபோது கயல்விழிக்கு முழங்கையை அசைக்க வேண்டியே இருக்கவில்லை. மணிக்கட்டு மட்டும் ஒரு பாவாடையை உதறுவதுபோல் லேசாக உதறியது. நரம்பு சோம்பலாக நீண்டு, இறகு முள் நுரையின் ஓரத்தில் ஓசையில்லாமல் இறங்கியது. மூச்சு விடுவதற்குள் தண்ணீர் கலைந்தது. கோல் பாதி வரை வளைந்து அவள் உள்ளங்கையில் துடித்தது.

ஒரு சாண் கெண்டை. வெள்ளி உடம்பில் வாலோரம் ஒரு கறுப்புப் புள்ளி. அவள் சிரித்துவிட்டாள். கனிஷ்கா அதைப் படம் எடுத்துவிட்டாள்.

"குடுங்க, குடுங்க" என்று தீபக் மீனைப் பறித்தான். வெயிலில் கொதித்துக் கிடந்த தட்டைப் பாறையில் அதைப் போட்டான். பக்கத்தில் அளவு நாடாவையும் தூண்டிலையும் வைத்தான். நீல ஸ்டிக்கர் தெரிகிறாற்போல் கோலைத் திருப்பினான். "லைட்டு செரியில்ல. இன்னொன்னு எடு. இரு, பேட்டரி மாத்து." மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் பக்கவாட்டு ஈரம் பாறையில் ஒட்டிக் காய்ந்தது. துள்ளியபோது தீபக் அதன் மேல் கட்டை விரலை அழுத்தினான். படமெல்லாம் எடுத்து முடித்தபின் அதைக் கையில் ஏந்தி, கேமராவுக்கு முன்னால் அதன் தலையில் முத்தம் கொடுத்தான்.

"நாம கொல்றதில்லைங்க நண்பர்களே. புடிக்கிறோம், வுடுறோம். இயற்கைய நேசிப்போம்" என்று சொல்லித் தண்ணீரில் விட்டான்.

மீன் ஒருக்களித்துக்கொண்டே போனது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். கயல்விழி அடுத்ததைத் தானே கழற்றி விடுகிறேன் என்றாள். அவன் கேட்கவில்லை. அவனும் ஒரு தூண்டிலை எடுத்துக்கொண்டு பிடித்தான். ஒவ்வொரு தூண்டிலுக்கும் இத்தனை மீன் என்று காட்ட வேண்டுமாம். ஒவ்வொன்றும் அதே பாறை, அதே நாடா, அதே முத்தம். அவன் உதட்டு ஓரத்தில் செதில் ஒன்று ஒட்டி மினுங்கியது. அதைத் துடைக்காமலே ஒரு சாக்லெட் பட்டையைக் கடித்தான்.

பத்தடி கீழே ஒரு வேரின் மடியில் தண்ணீர் சுழன்றது. கயல்விழி அங்கே எட்டிப் பார்த்தாள். விட்ட மீன்கள் எல்லாம் அங்கே வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இன்னும் செவுள் அசைத்தன. அவள் சுடிதாரை முழங்காலுக்கு மேல் முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியில் போட்டாள்.

"அதைய எதுக்குங்க எடுக்கறீங்க?"

"பொரிக்கிறதுக்குங்க."

"ஐயே!" தீபக்கின் முகம் கோணியது. "செத்த மீனுங்க அது."

"இப்பத்தானுங்க செத்துச்சு. கொன்னது நீங்கதான். தின்னவாவது தின்னோணுமல்ல?"

"நீங்க திம்பீங்க" என்றான் அவன். சிரித்துக்கொண்டே சொன்னான். "உங்க பக்கமெல்லாம் பழக்கந்தானே. எனக்கெல்லாம் கொமட்டுதுங்க."

ஆல்வின் எழுந்து நின்றான். கயல்விழி அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். இந்த ஆளிடம் கோபப்படுவதுகூட அவன் எச்சிலைத் தொடுவதுபோல் தோன்றியது அவளுக்கு. மீன்களைக் கழுவினாள். குடலைத் தண்ணீரில் போடக் கூடாது என்று, குழி தோண்ட இடம் தேடிப் பெரிய பாறைக்குப் பின்னால் போனாள்.

முதலில் வந்தது ஈக்களின் சத்தம். அப்புறம் நாற்றம். கெட்டுப்போன முட்டையும், ஈரத்துணியும், மூத்திரமும் கலந்த நாற்றம். பாறை அங்கே ஆள் நுழைகிற அகலத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே வாய்வரைக்கும் குப்பை. கிழிந்த கூடாரங்கள் மூன்றோ நாலோ. கேஸ் டப்பாக்கள். பூசணம் முளைத்த ரொட்டிப் பாக்கெட்டுகள், பால் பவுடர் பைகள், நூடுல்ஸ் கவர்கள். மேலாக வாரி இறைத்ததுபோல் மலம் துடைத்த ஈரத்தாள்கள். அவை மக்காமல், வெள்ளையாகவே, மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிளவின் அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்து, பாசி பிடித்த தடமாக நேரே ஓடைக்கு இறங்கியது. ஒரு புதரில் தூண்டில் நரம்பு பந்து பந்தாகச் சிக்கியிருந்தது. அதன் நடுவே ஒரு தண்ணீர்ப் பாம்பு காய்ந்து கயிறாகத் தொங்கியது.

ஒவ்வொரு டப்பாவிலும் நீல இறகு.

கயல்விழி அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற இட்லி முழுவதும் வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"தீபக்! இங்க வாங்க."

அவன் வந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை, கக்கூஸ் கதவை யாரோ திறந்துவிட்ட எரிச்சல்தான் தெரிந்தது.

"அதுங்களா? அது பழசு. ஆளுக வந்து எடுத்துருவாங்க."

"எந்த ஆளுக?"

"எஸ்டேட் ஆளுகதான். அதுக்குத்தானுங்களே சம்பளம்."

"எடுக்கலையே."

"எடுப்பாங்க. இல்லாட்டி மழை எடுத்துட்டுப் போவுது. நீங்க எதுக்கு டென்சன் ஆகறீங்க?"

"ஏனுங்க, உங்க பை நாலு கிலோன்னு சொல்றீங்களே, அது ஏறறப்பவா, எறங்கறப்பவா?"

அவன் கனிஷ்காவைப் பார்த்தான். "கேமராவ ஆப் பண்ணு!" அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். முகம் வெளுத்து, பாறையின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

"நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேங்க்கா" என்று மெல்லிய குரலில் சொன்னாள். "கேக்கறதில்ல."

"செரி கண்ணு. இப்ப ஒரு சாக்கக் கொண்டா. அள்ளலாம்."

கனிஷ்கா அந்த ஈரத்தாள்களைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னால தொட முடியாதுங்க்கா. சாரிங்க்கா."

அதில் பாதி அவளுடையதும்தான்.

தீபக் பத்து நிமிடத்தில் பையைக் கட்டிவிட்டான். மூன்று தூண்டில்களையும் உறையில் போட்டான். "உங்களுக்கு ராடு வேணுமுன்னுதான கூட்டிட்டு வந்தேன். குப்ப பொறுக்கவா கூட்டிட்டு வந்தேன்?" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கனிஷ்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவன் பின்னால் போனாள். கூடாரமும் நாற்காலியும் ஐஸ் பெட்டியும் போட்டது போட்டபடி கிடந்தன.

மீன்களை அப்படியே விட்டால் அவையும் குப்பைதான். கயல்விழி மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்தாள். இருவரும் காற்று வீசும் பக்கமாக உட்கார்ந்து தின்றார்கள். ருசி தெரியவில்லை. முள்ளைத் துப்பினார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஆல்வின் பிளவைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதில் கிடந்த கிழிந்த கூடாரத் துணிகளையே பைகளாகக் கட்டினான். கையில் பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு இருவரும் அள்ளினார்கள். எல்லாவற்றையும் அள்ள முடியவில்லை, பாதிகூட இருக்காது. கயல்விழிக்கு நடுநடுவே குமட்டிக்கொண்டு வந்தது. கிளினிக்கில் எத்தனையோ நோயாளிகளின் சீழையும் மலத்தையும் முகம் சுளிக்காமல் துடைத்திருக்கிறாள். அது வேறு. அவர்கள் முடியாதவர்கள். இது முடிந்தவன் வேண்டுமென்று வைத்துவிட்டுப் போனது. பாம்பை நரம்போடு வெட்டி எடுத்து மண்ணில் புதைத்தாள்.

இறங்கும்போது பைகளிலிருந்து சீழ்போல் ஏதோ ஒழுகி முதுகை நனைத்தது. தோளில் வார் அறுத்தது. கடைசி வளைவில் ஆல்வின், "நான் எந்திரிச்சப்ப நீ உக்கார வெச்சிருக்கக் கூடாது" என்றான்.

"அடிச்சிருந்தா?"

"ஒரு அடியாவது அடிச்சிருப்பேன்."

"கை நாறியிருக்கும்" என்றாள் அவள்.

பங்களாவை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தீபக் காரின் பக்கத்தில் நின்றிருந்தான். தம்பிதுரை தாழ்வாரத்தில் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து இவர்களைப் பார்த்தார். காலையில் பார்த்த முகங்கள் அவர் நினைவில் இல்லை.

"ஏம்மா, குப்பைய அக்கட்டால கொண்டு போய்க் கொட்டு. ஊட்டு வாசல்ல எதுக்குக் கொண்டாரே?"

கயல்விழி நின்றாள். பிறகு நேரே நடந்துபோய், அவர் காலடியிலிருந்து நாலடி தள்ளி, கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் பையை அவிழ்த்துக் கவிழ்த்தாள். ஈரத்தாள்கள் பொத்தென்று விழுந்தன. ஒரு கேஸ் டப்பா உருண்டு போய் அவர் செருப்பில் இடித்தது.

"இது உங்க ஊட்டுப் பொருளுங்க. உங்க ஊட்டுக்கே கொண்டாந்துட்டனுங்க."

"என்னது இது?" அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "யாருது?"

"ஆளுக போட்டது பெரியப்பா" என்று தீபக் அவசரமாகச் சொன்னான். "இவங்க சும்மா..."

ஆல்வின் டப்பாவை எடுத்து நீல இறகைத் துடைத்துக் காட்டினான். தம்பிதுரை அதைப் பார்த்தார். காரின் பின்கண்ணாடியில் இருந்த அதே இறகையும் பார்த்தார்.

"எங்க கெடந்துச்சு?"

"ஓடைக்கு மேல, பெரிய பாறைப் பொளவுல" என்றாள் கயல்விழி. "அதுல ஊறித்தான் தண்ணி எறங்குது."

தம்பிதுரையின் கண்கள் கறுப்புக் குழாயின் வழியே மெல்ல நகர்ந்தன. காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து வந்து, சமையலறைச் சுவரில் ஏறி, மாடித் தொட்டிக்குள் போகும் குழாய். அவர் முகத்தில் ஒவ்வொரு வரியாகப் புரிந்தது தெரிந்தது.

"டேய்... இந்தத் தண்ணியவா நான் குடிக்கறேன்?"

தீபக் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"கேக்கறேனல்ல! பீத்துணி ஊறுன தண்ணியவா நானும் உன்ற பெரியம்மாளும் இத்தன நாளாக் குடிச்சோம்?" செடியோரம் போய்க் காறிக் காறித் துப்பினார். திரும்பி வந்து தீபக்கைப் பார்த்து, இனி இந்த எஸ்டேட்டில் கால் வைத்தால் காலை முறித்துப்போடுவேன் என்று கத்தினார். மிச்சத்தையும் நாளைக்கே வந்து அவன் கையால்தான் அள்ள வேண்டும், ஆள் ஒருவரையும் கூப்பிடக் கூடாது என்றார்.

கயல்விழி நின்று கேட்டாள். அவளிடமோ ஆல்வினிடமோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை கழுவத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவருடைய அருவருப்பு அவருடைய தொண்டையோடு நின்றுவிட்டது. மேலே ஐஸ் பெட்டி சுமந்தவர்களும் அதே ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

"வா, போலாம்" என்றாள் ஆல்வினிடம்.

காரில் ஏறவில்லை. ரோடு வரை நடந்து, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டாள். கயல்விழிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த வீடியோ வெளியானது. முதல் கெண்டை மாட்டியதும் கயல்விழி சிரித்தது அதில் இருந்தது. அதன் கீழே 'எங்கள் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த தூண்டில்' என்று எழுத்து ஓடியது. மீனுக்கு முத்தமும் இருந்தது. பாறைப் பிளவு மட்டும் இல்லை. தன் சிரிப்பைப் பார்க்க அவளுக்கே கூசியது. கனிஷ்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ற மூஞ்சிய எடுத்துருங்க. இல்லாட்டி அந்தப் பொளவுல நாங்க எடுத்த படத்த நானும் போட்டுருவேன்."

"எடுத்தர்றேங்க்கா. இப்பவே எடுத்தர்றேன்." கனிஷ்கா குரலைத் தாழ்த்தினாள். "அவுரு போயி அள்ளுனாருங்க்கா. கையுறை போட்டுட்டு. ரெண்டு நாளு. அதையும் வீடியோவா எடுக்கச் சொன்னாரு. மலையைச் சுத்தம் பண்றோமுன்னு. நான் மாட்டேன்னுட்டேன்."

கயல்விழிக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை.

"அக்கா, அந்த நடு ராடு உங்க கைக்குன்னே செஞ்சாப்புல இருந்துச்சு. கேமராவுல பாத்தனே. நான் கொரியர்ல அனுப்பட்டுங்களா? அவுருக்குத் தெரியாது."

அந்தக் கோல் வளைந்து துடித்தது அவள் உள்ளங்கையில் இன்னும் இருந்தது. அவனிடத்திலிருந்துதான் அது வர வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. அவ்வளவுக்குப் பிறகும் மணிக்கட்டு அதைக் கேட்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

"அது நல்ல ராடு கண்ணு. அதுல பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா வேண்டாம்."

பாலக்காட்டில் ஒருவர் பழைய தூண்டில்கள் விற்கிறார் என்று ஆல்வின் விசாரித்துச் சொன்னான். ரசாக் என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனார்கள். அவரிடம் டென்காரா வகையில் இருந்தது ஒன்றுதான். பிடியில் கார்க் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தில் வீசிப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் தொழுகைக்குப் போய்விட்டார். கயல்விழி வீசிப் பார்த்தாள். நுனி கொஞ்சம் இறுக்கம். மடக்கினாலும் பையிலிருந்து நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம்வரை வீசினால் மணிக்கட்டு வலிக்கத்தான் செய்யும்.

"எப்படி இருக்குது?" என்றான் ஆல்வின்.

"அந்தளவுக்கு இல்ல."

"அப்ப?"

"எடுத்துக்கலாம்" என்றாள். இன்னும் ஒருமுறை வீசினாள். இந்த முறை முள் அவள் குறிவைத்த இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய் விழுந்தது.